கொட்டாஞ்சேனைக் குடும்ப வீடு: மற்ற உரித்தாளர்களின் பங்குகளை நான் வாங்குவது எப்படி?

கேள்வி – கொட்டாஞ்சேனைவாசி

கொட்டாஞ்சேனையில் 8 பேர்ச்சஸ் காணியும் வீடும் அப்பாவின் பெயரிலேயே இருக்கின்றன. அவர் மரணசாதனம் எழுதாமல் காலமானார். எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்தது. பிள்ளைகள் நால்வர்: நான், கனடாவில் அண்ணா, யாழ்ப்பாணத்தில் திருமணம் செய்த அக்கா, காலமாகிவிட்ட தம்பி. தம்பிக்கு மனைவியும் பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளும் உள்ளனர். அம்மாவும் நானும் அங்கேயே வசிக்கிறோம்; சோலைவரி கட்டுவதும், ஒழுகிய ஓட்டுக்கூரையை எடுத்துத் தட்டுப் போட்டதும் நான்தான். மற்றவர்களின் பங்குகளை வங்கிக் கடனில் வாங்க விரும்புகிறேன். அண்ணாவோ, விலை சரிவராவிட்டால் தமது பங்கை ஒரு தரகர் மூலம் வெளியாருக்கு விற்பதாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முற்கொள்வனவு உரிமையை (வெளியாருக்கு விற்குமுன் கூட்டு உரித்தாளர் வாங்கும் உரிமை) கொண்டு அதைத் தடுக்கலாம் என்கிறார் அக்காவின் கணவர். பத்து வருடத்துக்கு மேல் ஆண்டதால் வீடே எனக்குத்தான் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில் – ஓய்வுபெற்ற நொத்தாரிசு

இரண்டையும் நம்ப வேண்டாம், தம்பி. முற்கொள்வனவு உரிமை வட மாகாணக் காணிகளுக்கே உரியது. பத்து வருட ஆட்சியும் உதவாது: கூட்டு உரித்தாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்கும் சேர்த்தே என்று 1911ஆம் ஆண்டு, அன்றைய இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது, அவர்களை வெளிப்படையாக மறுத்து ஆண்டதாக நிரூபித்தாலன்றி அது மாறாது. கூரைக்குச் செலவழித்ததற்கு ஈடு கேட்கலாம், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. தம்பி அப்பாவுக்குப் பின் காலமானவராயின், அவரது எட்டில் ஒன்றில் பாதி அவர் மனைவிக்கும், மீதி பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டில் ஒன்று வீதமும் சேரும். உங்கள் உண்மையான சிக்கல் அண்ணா அல்ல, இந்தச் சிறு பங்குகளே. பதினெட்டு வயது நிறையாதவர்களின் காணியை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றித் தாய்கூட விற்க முடியாது. விலை நியாயமானதா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆகவே முதலில் தகைமை பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுங்கள். அதே அறிக்கையை அண்ணாவின் முன்னும் வைக்கலாம். மரணசாதன வழக்கில் (மரணசாதனம் இல்லாவிட்டாலும் பெயர் இதுதான்) நிருவாகக் கடிதம், அதாவது இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம், கைக்கு வராமல் வங்கி அசையாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பதில் – வெள்ளவத்தை சட்டத்தரணி

அண்ணா தமது பிரிக்கப்படாத பங்கை யாருக்கும் விற்கலாம். உங்கள் சம்மதம் தேவையில்லை. வாங்குபவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்கிடலாம். கொழும்பில் ஒரு துண்டு பொதுவாக 6 பேர்ச்சஸுக்குக் குறையக் கூடாது என்பதால், உங்கள் காணி விற்பனையில்தான் போய் முடியும். வழக்கு காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகு பங்குகளைக் கைமாற்றுவதும் முடங்கும். அவருடன் இப்போதே பேசி முடிப்பது மலிவு.

அவர் அற்றோனித் தத்துவத்தை (தம் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். அதை இங்கே பதிய வேண்டும். கனேடியக் குடியுரிமை பெற்றிருந்தாலும் உரிமையாக வந்த பங்கை விற்கத் தடையில்லை.

கேள்வியாளர்

நன்றி. முத்திரை வரியைக் குறைக்க, பணத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டு நன்கொடை உறுதியாக எழுதலாம் என்கிறார்களே?

பதில் – ஓய்வுபெற்ற நொத்தாரிசு

வேண்டாம். மேல் மாகாணத்தில் ஒரு கோடி ரூபா பெறுமதிக்கு விற்பனை உறுதியின் முத்திரை வரி 3,99,000 ரூபா: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். நன்கொடைக்கு 2,00,500 ரூபா. மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நன்றிகேட்டைக் காரணங்காட்டி நன்கொடையை ரத்துச் செய்யக் கோர இடமிருப்பதால், வங்கிகள் அத்தகைய உறுதியை ஈடாக ஏற்கத் தயங்குகின்றன. கடன் எடுக்கப் போகும் நீங்கள் அந்தக் குழியில் இறங்கலாமா? பணம் கொடுத்து வாங்கியதற்கும் கையில் ஆதாரம் இராது.

அம்மா தமது பாதியைச் சீவிய உருத்தை ஒதுக்கி உங்களுக்குத் தர விரும்பினால் அது வேறு விடயம்; ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். அவர்கள் விற்கும் பங்குகளுக்கு மூலதன ஆதாய வரியும் உண்டு. அப்பா 2017 செப்டெம்பர் 30க்கு முன் காலமாகியிருந்தால், அந்தத் திகதியின் சந்தைப் பெறுமதியே கணக்கின் அடிப்படை. அதையும் அதே மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள்.