கடைக்கு 4,890 பவுண்டு வரியாம், ஏழு நாள் கெடு. அவசரம், யாராவது சொல்லுங்கள்

அம்மாபேட்டைக்காரன்:
வணக்கம். இங்கே பிரிட்டனில் தட்டுவடை செட் கடை போட்டிருக்கிறேன். கவுன்சிலில் (நம் மாநகராட்சி மாதிரி) இருந்து 4,890 பவுண்டுக்கு வரி பில் வந்தது. சேலத்தில் கட்டட வரி கட்டுவது ஓனர்தானே, அதனால் அப்படியே ஓனரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது என் பெயருக்கே நினைவூட்டல் கடிதம் வந்திருக்கிறது. ஏழு நாளில் பாக்கித் தவணையைக் கட்டாவிட்டால் முழு வருடத் தொகையும் ஒரேயடியாகக் கேட்பார்களாம், பிறகு கோர்ட்டாம். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

ஐந்துரோடு:
அது கவுன்சில் டாக்ஸ் தம்பி. வீட்டில் தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். நான் வந்த புதிதில் ஹீட்டர் போடப் பயந்து ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினேன். முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் பழகிவிடும்.

ஓமலூர் அக்கா:
கடைக்கு ஏதுங்க கவுன்சில் டாக்ஸ்? அது வீட்டுக்கு. இது கடைகளுக்கான வரி, பிசினஸ் ரேட்ஸ். வாடகையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனர்தான் கட்ட வேண்டும், விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

கிளாஸ்கோ சேலத்தான்:
பயப்பட ஒன்றுமே இல்லை. ரேட்டபிள் வேல்யூ, அதாவது வரிக்காகக் கடைக்குப் போடும் மதிப்பு, 12,000க்குள் இருந்தால் பைசா கட்ட வேண்டாம். சின்னக் கடைக்கு இங்கே ஸ்காட்லாந்தில் போனஸ் திட்டம் இருக்கிறது. கவுன்சிலில் கேளுங்கள்.

ஐந்துரோடு:
அவர் ஸ்காட்லாந்தில் இருப்பதாகச் சொல்லவே இல்லையே?

கிளாஸ்கோ சேலத்தான்:
இல்லை என்றும் சொல்லவில்லையே.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
எனக்கும் இப்படித்தான் வந்தது. ஒரு ஏஜென்ட் போனில் கூப்பிட்டார், மிச்சமாகும் பணத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்றார், முடித்துக் கொடுத்தார். நம்பர் வேண்டுமானால் தருகிறேன். அதுவரை ஒரு பென்னிகூடக் கட்டாதீர்கள். கட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

ஓமலூர் அக்கா:
இவ்வளவு வாங்கியும் கடைக் குப்பையை எடுக்க மாட்டார்கள் தெரியுமா? அதற்குத் தனி ஒப்பந்தம், தனிக் காசு. வெங்காயத் தோலைக் கொண்டுபோய் வீட்டுத் தொட்டியில் போட்டால் அபராதம். நம் ஊரில் விசில் சத்தம் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
விசில் எத்தனை நாளைக்கு ஒருமுறை கேட்டது என்பதையும் சொல்லுங்கள் அக்கா.

ஐந்துரோடு:
பார்க்கிங்கை விட்டுவிட்டீர்களே. வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால்...

ஏற்காடு காப்பி:
போதும் சாமி, அவருக்கு ஏழே நாள்தான் இருக்கிறது. லெஸ்டரில் பல வருடம் காப்பிக் கடை வைத்திருந்தேன், இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். என் கடையை நடத்தும் மகளுக்கும் இதே தலைவலி என்பதால் விவரம் தெரியும்.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஊர் இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா, வேல்ஸா? மூன்றுக்கும் விதி வேறு. பில்லில் ரேட்டபிள் வேல்யூ என்ன? வாடகை ஒப்பந்தத்தில் வரியும் சேர்த்தா?

அம்மாபேட்டைக்காரன்:
மன்னிக்கவும் சார். இங்கிலாந்துதான், லண்டன் இல்லை. பில்லைப் பிரித்தபோது கையெல்லாம் பீட்ரூட் துருவல், அந்த எண் மேலேயே சிவப்புக் கறை. ஒன்பதாயிரத்து எட்டு நூறு போலத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் வரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஏற்காடு காப்பி:
அப்படியானால் 9,800தான். 2025-26க்குச் சின்னக் கடைக் கணக்கு, மதிப்பில் ஒரு பவுண்டுக்கு 49.9 பென்ஸ். பெருக்கிப் பாருங்கள், 4,890 வந்துவிடும். ரேட்டபிள் வேல்யூ நீங்கள் கொடுக்கும் வாடகை இல்லை. வேல்யூவேஷன் ஆபீஸ் ஒரு குறிப்பிட்ட தேதி நிலவரப்படி அந்த இடம் வருடத்துக்கு என்ன வாடகை போகும் என்று போட்ட மதிப்பு. 2023 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான பட்டியலுக்கு அந்தத் தேதி 2021 ஏப்ரல் 1.

அங்கே இடத்தை அனுபவிப்பவர்தான் கட்ட வேண்டும். வாடகையிலேயே சேர்த்துப் பேசியிருந்தாலும் அது உங்களுக்கும் ஓனருக்கும் உள்ள கணக்கு, கவுன்சில் உங்களைத்தான் பிடிக்கும். அதனால் ஓனரோடு சண்டை வீண்.

நல்ல செய்தி, இங்கிலாந்திலும் சின்னத் தொழில் சலுகை உண்டு. மதிப்பு 12,000 வரை இருந்து அந்த ஒரே இடம்தான் என்றால் முழுத் தள்ளுபடி. அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 15,000த்தில் நின்றுவிடும். ஆனால் கேட்காமல் கிடைக்காது. கவுன்சில் வலைத்தளத்தில் படிவம் இருக்கிறது, இலவசம். நீங்கள் கடை எடுத்த நாளில் இருந்தே கணக்கிடச் சொல்லலாம். இதற்கு ஏஜென்ட்டுக்குப் பங்கு எதற்கு? வெள்ளி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கட்டாமல் இருங்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள். படிவம் போட்டதால் நடவடிக்கை தானாக நின்றுவிடாது. நாளைக் காலை போன் செய்து, சலுகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று கேளுங்கள். பேசியவர் பெயர், நேரம் குறித்துக்கொண்டு அதையே ஈமெயிலிலும் அனுப்புங்கள். மாட்டேன் என்றால் பாக்கித் தவணையைக் கட்டிவிடுங்கள். சலுகை கிடைத்தால் அது உங்கள் கணக்கில் வரவாகும்.

அம்மாபேட்டைக்காரன்:
உயிர் வந்தது சார். ஒரு சந்தேகம். கடைக்குப் பின் தெருவில் அரிசி மூட்டை போட ஒரு சின்ன குடோன் எடுத்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

ஐந்துரோடு:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

ஏற்காடு காப்பி:
கட்டாயம் சொல்ல வேண்டும், மறைத்தால்தான் வம்பு. வேல்யூவேஷன் ஆபீஸ் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு குடோனின் மதிப்பைப் பாருங்கள். 2,899 வரை இருந்து, இரண்டும் சேர்த்து 20,000க்குள் வந்தால் கடைக்குச் சலுகை போகாது. குடோனுக்கு மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கு இதுவரை பில் வரவில்லை என்றால் அதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, 2026 ஏப்ரல் முதல் புது மதிப்பு. அது 2024 ஏப்ரல் வாடகை நிலவரப்படி. உங்கள் 9,800 எங்கே போய் நிற்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
பார்த்துவிட்டேன் சார், குடோன் 1,700. காலையில் போன் செய்துவிட்டு வந்து சொல்கிறேன்.