சப்லக்சேஷன்: ‘தோள் விலகல்’ வேண்டாமே

கோத்தகிரி, இயன்முறை மருத்துவர்:

அனைவருக்கும் வணக்கம். பக்கவாத நோயாளிகளின் வீட்டாருக்கான கையேட்டில் சப்லக்சேஷனுக்கு, அதாவது மேற்கை எலும்பு தோள்மூட்டுக் குழியிலிருந்து ஓரளவு நழுவுவதற்கு, ‘தோள் விலகல்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். ‘மூட்டு விலகியிருக்கு’ என்று கேட்டதுமே ‘இழுத்து உட்கார வைக்கணும்’ என்று கட்டுப் போடுபவரிடம் கூட்டிப்போவார்கள். தளர்ந்து கிடக்கும் கையை இழுத்தால் மூட்டுறையும் தசைநாணும் மேலும் நையும்.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் தலை கீழே சரியாமல் பிடித்திருப்பதில் சுப்ராஸ்பைனேட்டஸ், டெல்டாய்டு என்ற தோள் தசைகளுக்குப் பெரும்பங்கு. பக்கவாதத்தின் தொடக்கத்தில் இவை தளர்ந்துவிட, கையின் எடையே எலும்பின் தலையைக் கீழே இறக்குகிறது. குடலிறக்கம், கருப்பை இறக்கம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். அந்த வழியில் ‘தோள் இறக்கம்’ என்கிறேன். இறங்கியதைத் தாங்கத்தான் கை போகும், இழுக்கப் போகாது. எஸ்டேட் லயன் வீட்டுப் படிகளில் நோயாளியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் வழக்கத்தை நிறுத்தவும் இந்தச் சொல் உதவும்.

உதகை, கதிரியல் மருத்துவர்:

‘இறக்கம்’ அருமை. ‘தோள்’தான் இடிக்கிறது. பக்கவாதத்தில் தோள்பட்டை முழுவதுமே தொங்கிப்போவதுண்டு. அப்போது தோள்முகடும் (தோள்பட்டை எலும்பின் மேல்முனையான அக்ரோமியனுக்கு நாம் ஏற்றுக்கொண்ட சொல்) சேர்ந்து இறங்குவதால், மூட்டுக்குள் இடைவெளி கூடியிருக்க வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளப்பது மூட்டுக்குள் நடப்பதை. எனவே ‘மூட்டிறக்கம்’.

அளக்கும் முறையையும் கையேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய வேண்டும். முழங்கை 90 பாகை மடங்கி, முன்கை மடியில் தலையணைமேல் இருக்கட்டும். லீனியர் புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் தட்டையான முனை) முகட்டின் வெளியோரத்தில், மேற்கை எலும்பின் நீளவாக்கில் வைத்து, முகட்டின் ஓரத்திலிருந்து எலும்பின் பெரிய புடைப்பு வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். நல்ல பக்கத்தையும் அப்படியே அளந்து ஒப்பிட வேண்டும்; தனி எண்ணுக்குப் பொருளில்லை. தலையணை உயரமானால் அது கையை மேலே தள்ளி இறக்கத்தை மறைத்துவிடும். இரண்டாம் முறை வரும்போது வேறு தலையணை போட்டால் ‘குணமாகிவிட்டது’ என்று ஏமாறுவோம்.

நம் ஊர் மார்கழிக் குளிரில் ஜெல்லை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கித் தடவுங்கள். சில்லென்று பட்டால் இறுக்கம் உள்ள கை இன்னும் இறுகி அளவே மாறலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. புரோப் தசைநாணுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால், நல்ல நாணும் கறுப்பாகத் தெரியும். கிழிசல் என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அனைசோட்ரோபி. ‘திசை’யை வைத்து ஒரு சொல் கட்டினால் இயற்பியலுக்குப் பொருந்தும், ஸ்கேன் பழகுபவருக்குச் ‘சாய்வுக் கருமை’ என்பதே போதும். புரோபை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: கருமை மறைந்தால் நாண் நலம், எந்தக் கோணத்திலும் மறையாவிட்டால் கிழிசலைத் தேடுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸைப் பார்க்கக் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோகச் சொல்வது வழக்கம். பக்கவாதக் கையை அப்படி வளைக்கக் கூடாது. வருகிற அளவில் பார்த்து, ‘முழுமையாகத் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

கொடைக்கானல், மறுவாழ்வு மருத்துவர்:

இரண்டு சொற்களையும் ஏற்கிறேன். ஆனால் மூட்டிறக்கத்தை வலியின் பெயராக ஆக்கிவிடாதீர்கள். இறக்கம் இருந்தும் வலியில்லாதவர்கள் உண்டு. பிறகு தசை இறுகும்போது இடைவெளி குறையும், வலியோ கூடும். மேற்கையின் முன்தசையான பைசெப்ஸின் நாணுறையில் நீர், முகட்டுக்கு அடியிலுள்ள பர்சா (உராய்வைக் குறைக்கும் நீர்ப்பை) தடித்தல், நாண் கிழிசல் எல்லாம் ஸ்கேனில் தெரியும். மூளையிலிருந்தே எழும் வலி தெரியாது. உறைந்த தோளை (மூட்டுறை இறுகி அசைவு குறைந்த தோள்) கைவைத்து அசைத்துப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். அறுபது தாண்டியவரின் கிழிசல் பக்கவாதத்துக்கு முன்பே வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே ‘பக்கவாதத் தோள்வலி’ தனித் தலைப்பு, அதன் கீழ் மூட்டிறக்கம் ஒரு உட்தலைப்பு.

‘அல்ட்ராசவுண்ட்’ என்று மொட்டையாக எழுதுவதையும் விடுவோம். இயன்முறைப் பிரிவில் வலிக்குச் சிகிச்சையாக வைக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் அதே பெயர்தான். ஸ்கேன் எடுத்துவிட்டு ‘கரண்ட் வச்சாச்சு, இன்னும் வலிக்குதே’ என்கிறார்கள். ஒன்று ‘மீயொலி ஸ்கேன்’, மற்றது ‘மீயொலி ஒத்தடம்’.

கோத்தகிரி, இயன்முறை மருத்துவர்:

‘மூட்டிறக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். கையேட்டுக்கான வாசகம் இது, திருத்தம் இருந்தால் எழுதுங்கள்:

“மூட்டிறக்கம்: பக்கவாதத்தில் தோள் தசைகள் தளர்வதால் மேற்கை எலும்பின் தலை குழியிலிருந்து சற்றுக் கீழே இறங்குவது. எலும்பு முறிவோ மூட்டுப் பிசகலோ அல்ல. இழுத்துச் சரிசெய்யக் கூடாது. உட்காரும்போது முன்கைக்குத் தலையணை கொடுங்கள். எழுப்பும்போது கையையோ அக்குளையோ பிடிக்காமல் இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். தலைக்குமேல் கப்பி கட்டிக் கையை இழுக்கும் பயிற்சி வேண்டாம்.”