ஸ்லைடும் வால்வும் சேர்ந்த டிராம்போன் நம் பேண்டு செட்டுக்கு வேண்டுமா?

பாலக்கோடு டிரம்பெட்:
எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருஷமாக பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். போன வாரம் ஒரு வீடியோவில் சூப்பர்போன் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. வலது கையில் நீட்டி மடக்குகிற டிராம்போன் ஸ்லைடு, இடது கை விரலுக்கு அழுத்துகிற மூன்று வால்வு, இரண்டும் ஒரே குழாயில். கனடா டிரம்பெட்காரர் மேனார்ட் ஃபெர்குசன் 1970களில் ஹோல்டன் வாத்தியக் கம்பெனியோடு சேர்ந்து கொண்டு வந்தது. அதே ஆள் டிரம்பெட்டிலும் ஸ்லைடு வைத்து ஃபயர்பேர்ட் என்று ஒன்று வைத்திருந்தார், அதில் வலது கை வால்வுக்கு, இடது கை ஸ்லைடுக்கு. இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் 1960களின் கடைசியில் அவர் ரிஷிவேலி பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நம் எல்லையைத் தாண்டினால் மதனப்பள்ளி, அதன் பக்கத்தில்தான் அந்தப் பள்ளி.

என் கேள்வி நேரானது. வால்வில் சுரம் படிக்கட்டு மாதிரி விழுகிறது, சுரத்தை ஆட்டி இழைக்கிற கமகம் வரவே மாட்டேன் என்கிறது. ஸ்லைடில் வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் வேகமான பாட்டு வாசிக்க முடியாது. இரண்டும் சேர்ந்த கருவி ஒன்று இருக்கும்போது நாம் ஏன் இன்னும் மீரட்டிலிருந்து வருகிற பழைய வால்வு வாத்தியத்தையே ஊதிக்கொண்டிருக்கிறோம்?

அரூர் பேண்டு மாஸ்டர்:
தம்பி, ஆசை நல்லதுதான். நானும் ஆசைப்பட்டவன். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்லைடு டிராம்போன் வாங்கினேன், காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் நிலைக்கு, அதாவது கடைசி எட்டத்துக்கு, ஸ்லைடை நீட்டினால் முன்னால் ரெண்டடி கம்பி போகிறது, தெருவில் ஆள் மேல் ஆள் நிற்கிறது, சூறை விடுகிற தானியம் மழை மாதிரி விழுகிறது. ஒரே ஒரு தானியமணி உள்குழாயில் ஒட்டி, அதைக் கவனிக்காமல் உள்ளே இழுத்தேன். நீளவாக்கில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் அந்த இடம் வந்ததும் கரகரவென்று பிடிக்கும். திரும்பி வரும் வழியில் ஜெனரேட்டர் வண்டிக் கம்பியில் லேசாக இடித்தது, கண்ணுக்கே தெரியாத நசுங்கல், ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது. வால்வு வாத்தியம் கீழே விழுந்தால்கூட தட்டி எடுத்து அன்றைக்கே வாசித்துவிடலாம். நம் வேலை தெருவில், மேடையில் இல்லை. அதை மறந்துவிட்டுப் பேசாதே.

பாலக்கோடு டிரம்பெட்:
மாஸ்டர், நீங்கள் சொல்வது ஸ்லைடு டிராம்போனைப் பற்றி. இதில் ஸ்லைடைப் பூட்டிவிட்டு வெறும் வால்வு மட்டும் வாசிக்கலாமே. ஊர்வலத்தில் பூட்டி வை, கோயில் வாசலில் நின்று வாசிக்கும்போது திற.

அரூர் பேண்டு மாஸ்டர்:
ஊர்வலம் முழுக்கப் பூட்டித்தான் வைக்கப் போகிறாய் என்றால் அந்த எடையை எதற்குத் தூக்க வேண்டும்? டிராம்போனில் மொத்த பாரமும் இடது கையில். அதே கைக்கு மூன்று வால்வும் கொடுத்தால் விரல் எப்படி ஓடும்? மூணு கிலோமீட்டர் நடந்து பார்.

ஓசூர் லேத்:
நான் வாசிக்கத் தெரியாதவன், பட்டறைக்காரன். ஸ்லைடு என்பது லேத்தில் கடைந்து எடுக்கிற சமாச்சாரம் இல்லை. மெல்லிய குழாயை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். உள்குழாய் இரண்டும் முழு நீளத்துக்கு உரசுவதில்லை, நுனியில் மட்டும் கொஞ்சம் பருமன் கூட்டி முலாம் போட்டிருப்பார்கள், அந்த இடம்தான் வெளிக்குழாயைத் தொட்டு ஓடும். அதைவிடப் பெரிய கஷ்டம் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது, தலைமுடி அளவு சாய்ந்தாலும் இறுகும். மாஸ்டர் சொன்ன நசுங்கல் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன்.

பர்கூர் வயலின்:
கணக்குப் போட்டுப் பேசலாம். பி பிளாட் டிராம்போன் என்றால் நம் ஆறரைக் கட்டை. குழாய் ஏறக்குறைய 270 சென்டிமீட்டர். தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ரி முதல் ம வரை மூச்சு உடையாமல் ஒரே வீச்சில் வர வேண்டுமானால் ஸ்லைடு மூன்றாம் நிலையிலிருந்து ஏழாம் நிலை வரை போகணும், கிட்டத்தட்ட 39 சென்டிமீட்டர். கை முழுக்க நீட்டிய நிலையில் முக்கால் முழத்துக்கு மேல் கமகம்! எப்படி ஆடும்?

இப்போது சூப்பர்போனில் முதல் வால்வை அழுத்துங்கள். அதே மத்தியமம் ஸ்லைடு மூடிய நிலையிலேயே கிடைக்கும், ரிஷபம் ஐந்தாம் நிலைக்கு வந்துவிடும். தூரம் அதே 39தான், குழாயின் நீளம் யாருக்காகவும் குறையாது. ஆனால் கை உடம்புக்குப் பக்கத்தில் மடங்கி இருக்கும். தம்பி பக்கம் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். வால்வு இங்கே சுரம் மாற்றுவதற்கு இல்லை, ஸ்லைடு எங்கே தொடங்கணும் என்று தீர்மானிப்பதற்கு.

அரூர் பேண்டு மாஸ்டர்:
39 சென்டிமீட்டர் என்று நீங்களே சொல்கிறீர்கள் டீச்சர். தோடி காந்தாரத்துக்கு அத்தனை தூரத்தை நொடிக்கு ரெண்டு மூணு தடவை ஆட்ட எந்தக் கையால் முடியும்? நாயனக்காரர் ஒரு விரலைப் பாதி தூக்கி, காற்றைக் கொஞ்சம் இறுக்கி அதைக் கொண்டு வருகிறார். கமகம் விரலிலும் மூச்சிலும் இருக்கிறது. நானும் வால்வைப் பாதி அழுத்தி உதட்டால் இழுத்துக் கொண்டு வருவேன்.

பாலக்கோடு டிரம்பெட்:
பாதி வால்வில் சத்தம் செத்துப்போகிறதே மாஸ்டர். மூக்கடைத்த மாதிரி வரும், தவில் பக்கத்தில் நின்றால் காணாமலே போகும். வாத்தியத்தைத் தொடக்கூடாது என்றால் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை ஏன் நம் சங்கீதத்துக்கு ஏற்றபடி மாற்றினார்? ஸ்லைடும் வால்வும் ஒரே கருவியில் சேர்ந்தது ஒன்றும் புதிதில்லை. ஜெர்மனியில் லைப்சிக்கில் வாத்தியம் செய்கிற சாட்லர் 1839லேயே டிராம்போனில் ஒரு வால்வு சேர்த்துவிட்டார், இன்றைக்கு ஆர்க்கெஸ்ட்ரா டிராம்போன்காரர் பல பேர் கையில் அதுதான் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் பிராட் கோவன்ஸ் வால்வையும் ஸ்லைடையும் சேர்த்து வலைடு என்று ஒன்று செய்தார். யாரோ ஆரம்பித்துத்தானே ஆகணும்.

பர்கூர் வயலின்:
மாஸ்டர் கேட்ட 39 கேள்வி சரியானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டிரம்பெட் குழாய் டிராம்போனில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 148 சென்டிமீட்டர். அங்கே அதே ஆட்டத்துக்கு 22 சென்டிமீட்டர் போதும். அரை சுரத்துக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரிய வாத்தியத்தை விட்டுவிட்டு ஃபயர்பேர்ட் பக்கம் யோசியுங்கள்.

இன்னொன்று. டிரம்பெட்டில் முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறி நிற்கும், மூன்றும் அழுத்தினால் இன்னும் மோசம். ஒவ்வொரு வால்வுக் குழாயும் தனியாக அழுத்தும்போது சரியாக வரும்படி வெட்டியது, சேர்த்தால் மொத்த நீளம் போதாது. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் மூன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. ஸ்லைடின் இரண்டு காலும் சேர்ந்து நீள்வதால் அதில் பாதி, ஒன்றே முக்கால் நகர்த்தினால் சரியாகிவிடும். கமகமே வேண்டாம் என்றால்கூட இதற்காகவே ஸ்லைடு வேண்டும்.

அரூர் பேண்டு மாஸ்டர்:
அதற்குத்தான் மூன்றாம் வால்வில் வளையம் இருக்கிறதே டீச்சர், விரலால் தள்ளிக்கொள்கிறோம்.

ஓசூர் லேத்:
இருங்கள். டிரம்பெட்டில் சுருதி சேர்க்க முன்னால் ஒரு வளைவுக் குழாய் வெளியே வருமே, அதுவும் ஸ்லைடுதானே? அதை நன்றாகத் தேய்த்து, தடையில்லாமல் ஓடும்படி செய்து, இடது கைக்கு ஒரு வளையம் வைத்து, தானாகத் திரும்பி வர ஒரு ஸ்பிரிங் போட்டால் என்ன? 4 சென்டிமீட்டர் ஓட்டம் அதிலேயே கிடைக்கும். புதுக் குழாய் இழுக்க வேண்டாம், இணை பார்க்க வேண்டாம், அது ஏற்கெனவே இணையாகத்தான் இருக்கிறது.

பாலக்கோடு டிரம்பெட்:
அண்ணே, தோடிக்கு அது பத்தாதே.

பர்கூர் வயலின்:
தோடிக்குப் பத்தாது. ஆனால் கல்யாணியில், பைரவியில் சின்ன ஆட்டமாக வரும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அரை சுரம் வழுக்கினாலே கேட்பவருக்கு வித்தியாசம் தெரியும். முதலில் அதை வாசித்துக் காட்டு.

அரூர் பேண்டு மாஸ்டர்:
தெருவுக்கு ஸ்லைடு வேண்டாம் என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஓசூர்க்காரர் சொல்கிற வேலையில் வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை, எண்ணெய் போட்டால் தூசும் அதிகம் ஏறாது. என் பரணில் பழைய மீரட் டிரம்பெட் ஒன்று கிடக்கிறது, மூன்றாம் வால்வு சிக்கும், மற்ற இரண்டும் நன்றாக ஓடும். வருகிற ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன், வந்து எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போ தம்பி. வளையத்தைச் சுண்டுவிரலுக்கு வைக்கச் சொல், கட்டைவிரலுக்கு வைத்தால் பிடி தளரும்.