ஷாஹித் ஆஸ்மியை இளம் வழக்கறிஞர்களிடம் எப்படி நினைவுகூர்வது?

கேள்வி (இளநிலை வழக்கறிஞர்):

வணக்கம். 2010 பிப்ரவரி 11 அன்று மும்பை குர்லாவில், தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மியைப் பற்றி, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் சிலரிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இறக்கும்போது அவருக்கு வயது 32. ஏழாண்டுகளே வழக்காடினார், அதற்குள் 17 பேருக்கு விடுதலை பெற்றுத் தந்தார்.

எனக்கு இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. எப்படி எழுதத் தொடங்கினாலும் பேச்சு அவருடைய மரணத்தில் போய் நின்றுவிடுகிறது; கேட்பவர்கள் கண் கலங்குவார்கள், ஆனால் அவர் நீதிமன்றத்தில் என்ன செய்தார் என்பது தெரியாமலே எழுந்து போவார்கள். இன்னொன்று அவருடைய இளமைக்காலம். 1992–93 மும்பைக் கலவரங்களைக் கண்ணால் கண்ட பதின்ம வயதுச் சிறுவன், காஷ்மீருக்குச் சென்று ஆயுதப் பயிற்சி முகாமொன்றில் சிறிது காலம் இருந்து, அந்த வழி மனத்துக்கு ஒவ்வாமல் திரும்பி வந்தார். 1994இல் தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஐந்தாண்டுகளுக்கும் மேல் திகார் சிறையில் இருந்தார். நினைவுரையில் இதைத் தவிர்த்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (குற்றவியல் வழக்கறிஞர்):

தம்பி, இளமைக்காலத்தை மறைக்காதீர்கள். அதை மறைத்தால் அவருடைய வழக்காடலே விளங்காது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே, 25ஆம் பிரிவில், எழுதப்பட்டிருந்த பாதுகாப்பு. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு அதைத் தள்ளிவைத்து, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. சட்டத்தில் ஒரு வரி மாறும்போது விசாரணைக் கைதியின் நிலை எப்படித் தலைகீழாகிறது என்பதை ஆஸ்மி உள்ளே இருந்து பார்த்தவர். சிறையிலிருந்தே படித்தார், உச்ச நீதிமன்றம் 2001இல் விடுவித்த பிறகு சட்டம் படித்து, கறுப்பு அங்கியோடு அதே வகை வழக்குகளுக்குத் திரும்பினார். 2002 காட்கோபர் பேருந்துக் குண்டுவெடிப்பு வழக்கில் தடாவைப் போன்ற இன்னொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதானவர்களுக்காக வாதாடியதுதான் அவருடைய முதல் பெரிய வெற்றி.

ஜூனியர்களிடம் ஒரே ஒரு தடயத்தை எடுத்து விரிவாகப் பேசுங்கள் என்பேன். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் வழக்கில், உடந்தையாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் இருவரில் ஒருவருக்கு அவர் வக்காலத்து போட்டிருந்தார். அந்த இருவரையும் தாக்குதலோடு இணைக்க அரசுத் தரப்பு முன்வைத்தது கையால் வரைந்த ஒரு வரைபடம். துப்பாக்கிச் சூட்டில் இறந்த பயங்கரவாதியின் கால்சட்டைப் பையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். உடுப்பெல்லாம் இரத்தத்தில் நனைந்திருக்க, உள்ளேயிருந்த காகிதத்தில் மட்டும் ஒரு சொட்டுக் கறைகூட இல்லாதது எப்படி? ஆஸ்மி எழுப்பிய கேள்வி அது. இதில் உணர்ச்சிப் பேச்சு எதுவுமில்லை. கைப்பற்றிய பொருளையும், அதைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய பதிவான மகஜரையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் பார்த்த கண் மட்டுமே இருக்கிறது. அவர் இறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2010 மே மாதம், சிறப்பு நீதிமன்றம் அந்த இருவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2012இலும் அதை உறுதி செய்தன. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

பதில் 2 (ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்):

ஒரு வேண்டுகோள். குண்டுவெடிப்பில் பிள்ளையை இழந்த தாயும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுங்கள். 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்களுக்காக நின்றவரைப் போற்றும்போது, இறந்தவர்களை மறந்துவிட்டதாக ஒருவருக்கும் தோன்றக் கூடாது.

பதில் 3 (இலவசச் சட்ட உதவிக் குழு வழக்கறிஞர்):

ஐயா சொல்வது மிகவும் முக்கியமானது. நானும் அந்தத் தாயிடமிருந்தே தொடங்க விரும்புகிறேன். 2006 மாலேகாவ் குண்டுவெடிப்பு வழக்கில் பிடிக்கப்பட்டவர்களுக்கும் ஆஸ்மி வாதாடினார். அவர்களில் எட்டுப் பேரை 2016இல் நீதிமன்றம் விடுவித்தது. ஒருவர் அதற்கு முன்பே இறந்திருந்தார். பத்தாண்டுகள் தவறான ஆட்களின் மேல் வழக்கு நடந்தது என்றால், அத்தனை காலமும் பிள்ளையை இழந்த தாய்க்கும் உண்மை கிடைக்கவில்லை என்றுதானே பொருள்? குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அரசுத் தரப்புச் சாட்சியத்தைச் சோதிப்பது அவளுக்கும் வேண்டிய ஒன்றே.

அரசியல் சட்டத்தின் 22(1) பிரிவு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இருந்தும் நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிறகு மும்பை வழக்கறிஞர்களிடையே, பிடிபட்டவனுக்காக வாதாட மாட்டோம் என்று தீர்மானம் வந்தது. நம் கோயம்புத்தூரிலும் வழக்கறிஞர் சங்கம், வழக்கறிஞர்களோடு ஏற்பட்ட மோதலில் சிக்கிய காவலர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று தீர்மானித்தது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று 2010 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆஸ்மி கொல்லப்பட்ட அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். மும்பையில் பயங்கரவாத வழக்கின் கைதிக்கும் கோவையில் காவலருக்கும் பொருந்துவது ஒரே விதிதான் என்பதை ஜூனியர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காஷ்மீரும் திகாரும் இருக்கும், தவிர்க்கப் போவதில்லை. மரணத்தை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட்டு, அந்த வரைபடத்துக்குப் போகிறேன். பழைய குற்ற வழக்கொன்றின் கைப்பற்றுதல் மகஜரைப் பெயர்களை நீக்கிப் படியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, அதில் எந்த வரியைக் குறுக்கு விசாரணையில் கேட்பீர்கள் என்று அரை மணி நேரம் பார்க்கச் சொல்லப்போகிறேன்.