அம்மாவின் தலைவலி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் அம்மாவுக்கு (வயது 54) தீபாவளிக்குப் பிறகு, வலது காதின் பின்புறத்திலிருந்து உச்சந்தலை வரை மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வலி வந்து, சில நொடிகளில் மறைகிறது. தலைவாரச் சீப்பை வைத்தாலே துடித்துப்போகிறார். அதைவிடக் கவலை தருவது, அடுப்பு அணைந்திருக்கும்போதும் தீய்ந்த வாடை அடிப்பதாகச் சொல்லி அவர் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்ப்பதும், அந்நேரம் இடக்கை விரல்கள் மரத்துப்போவதும்தான்.

கண், பல், காது மூன்றையும் காட்டியாயிற்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, மூளை எம்ஆர்ஐ எல்லாம் சரியாக உள்ளன. பாராசிட்டமாலுக்கு வலி அடங்கவில்லை. ஒரு மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்கிறார், இன்னொருவர் பிடரி நரம்பு வலி என்கிறார். இல்லாத வாடை தெரிவது சிலருக்கு வலிப்பு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அங்கே மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி பரிசோதனை வேண்டுமென்று நாங்களே மருத்துவரிடம் கேட்கலாமா?