ஆள் எடுக்கும் வேலையில் எண்கள் என்ன சொல்கின்றன? கொழும்பு அனுபவங்கள்

எக்செல் ராசா

மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் போடுகிறேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்குக் கொம்பனியில் ஆள் எடுப்பது என் பொறுப்பு. மாதக் கூட்டத்தில் எங்களைக் கேட்பது ஒன்றுதான்: ஒரு வெற்றிடம் நிரம்ப எத்தனை நாள் ஆகிறது? நாங்களும் ஒரு சராசரியைக் காட்டிவிட்டு உட்காருவோம். அந்தச் சராசரியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஐந்து வெற்றிடங்கள் 20, 22, 24, 25, 140 நாட்களில் நிரம்பின என்று வையுங்கள். சராசரி 46 நாள். ஐந்தில் ஒன்றுகூட 46க்குக் கிட்ட இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 24. வழக்கமாக நடப்பது அதுதான். 140 நாள் இழுத்ததைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

எங்களுக்கு வெளிச்சம் காட்டியது, படிப்படியாகத் திகதி குறித்து வைத்தது. விளம்பரம் போன நாள், சிவிகள் பிரிவு முகாமையாளருக்குப் போன நாள், அவர் பதில் தந்த நாள், நேர்முகம், ஓஃபர், கையெழுத்து என்று எல்லாவற்றுக்கும். "ஆள் எங்கே இருக்கு, எல்லாரும் வெளிநாடு போயிட்டாங்களே" என்பதுதான் கந்தோரில் எல்லாரும் சொன்ன காரணம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் திகதிகளைப் பார்த்தால், சிவிகள் முகாமையாளர்களின் மெயிலில் தூங்கிய நாட்களே அதிகம். பிரிவு வாரியாக அதைத் திரையில் போட்ட அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிறகு பதில்கள் கெதியாக வரத் தொடங்கின.

அதோடு விளையாட்டும் தொடங்கியது. சில முகாமையாளர்கள் ஆளைத் தாங்களே பார்த்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வெற்றிடத்தை அறிவித்தார்கள். அறிக்கையில் நாட்கள் அழகாகக் குறைந்தன, மேசை மட்டும் பழையபடி காலியாகவே கிடந்தது. இப்போது முன்னவர் விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணுகிறோம். அந்தத் திகதியை யாரும் நகர்த்த முடியாது.

ராஜகிரிய மிஸ்

எங்களுடையது வாடிக்கையாளர் சேவை நிலையம். புதிதாக வருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிடுவதுதான் தலைவலி. தரவு பார்க்கும் தம்பி ஒருவர் பழைய பதிவுகளை அலசி, வீடு தூரமாக இருப்பவர்களே அதிகம் விட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடித்தார். நியாயமான கண்டுபிடிப்புத்தான், இரண்டு பஸ் மாறி வந்து இரவு ஷிஃப்ட் செய்வது லேசா என்ன? மேலிடம் உடனே சிவியில் இருக்கும் முகவரியை வைத்து ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டது.

அடுத்த காலாண்டில் தமிழ் பேசும் முகவர்களே கிடைக்கவில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பிள்ளைகள் சிவியில் ஊர் முகவரியைத்தானே போடுவார்கள்? கிராம அலுவலர் சான்றிதழும் அந்த முகவரிக்குத்தான். ஆள் இருப்பது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு போடிங்கில். யாரைத் தேடி அலைந்தோமோ அவர்களையே வடிகட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. "வேலைக்கு எங்கிருந்து வருவீர்கள்" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சண்டை பிடித்தேன். சேர்த்தார்கள்.

அமேசானிலும் இப்படி ஒன்று நடந்ததை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பத்து ஆண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அவர்களுடைய சோதனைக் கருவி, பெண்கள் என்று தெரியவைக்கும் சொற்கள் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்ததாம். கடைசியில் அதைக் கைவிட்டார்கள். பழைய தெரிவுகளைக் காட்டிப் பழக்கினால் பழைய பாரபட்சமும் சேர்ந்துதான் வரும்.

பொரளைப் பொடியன்

மிஸ் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கந்தோரில் பெயர், வயது, பால் எல்லாவற்றையும் மறைத்துத்தான் தெரிவுப் பட்டியல் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்! பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் அதே கதைதான், ஆண்டு மட்டும் நான்கு எண்ணில். பிறகு மறைத்து என்ன பயன்?

அந்த எக்செல் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் வேறு சுற்றுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையாவது ஞாபகப்படுத்தலாம்.

வேலை தேடும் ஒருவன்

மற்றப் பக்கத்திலிருந்து ஒரு சொல். ஓஃபரை எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்றும் கணக்கு வைப்பீர்கள்தானே? மறுப்பவர்கள் எல்லாரையும் "சம்பளம் போதாது" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். ஓர் இடத்தில் எனக்குத் தொலைபேசியில் 115,000 ரூபா என்றார்கள். கடிதத்தில் பார்த்தால் அடிப்படை 100,000. அவர்கள் கட்ட வேண்டிய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதத்தையும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தையும் என் சம்பளமாகக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஈபிஎஃப்புக்கு என் பங்கு 8 வீதம் கழிந்தால் கைக்கு 92,000. உண்மையில் அந்த 92,000 எனக்குப் போதும், முதலிலேயே சொல்லியிருந்தால் சேர்ந்திருப்பேன். இப்படிக் கதைப்பவர்களிடம் எப்படி வேலை செய்வது என்றுதான் விட்டேன்.

எக்செல் ராசா

தம்பி, எங்கள் பட்டியலில் நீங்கள் "சம்பளம்" என்றுதான் பதிவாகியிருப்பீர்கள். மிஸ், உங்கள் இடத்தில் மறுத்தவர்களிடம் யார் காரணம் கேட்பது?

ராஜகிரிய மிஸ்

ஓஃபர் கொடுத்தவரை விட்டுவிட்டு வேறு ஒருவர், ஒரு கிழமை கழித்து அழைத்துக் கேட்பார். பெட்டியில் டிக் போட விடுவதில்லை, சொன்னதை அப்படியே எழுத வேண்டும். கொஞ்சம் இழுபறி வேலைதான், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லாததெல்லாம் அப்போது வரும்.