டேப்லெட்டைத் திருப்பினால் படிவம் முதல் வரிக்குப் போய்விடுகிறது (ஜெட்பேக் கம்போஸ்)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஒரு டியூஷன் சென்டருக்காக மதிப்பெண் பதியும் செயலி எழுதியிருக்கிறேன். கோட்லின் மொழி, ஜெட்பேக் கம்போஸ் (ஆண்ட்ராய்டு திரைகளைக் கட்டும் கருவித்தொகுப்பு). போனில் ஒரு குறையும் இல்லை. 11 அங்குல டேப்லெட்டில்தான் சிக்கல், ஆண்ட்ராய்டு 16.

நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 800 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைச் சொல்லும் அலகு): மாணவர் பட்டியலும் படிவமும் தனித்தனித் திரை. படுக்கவைத்தால் 1280 டிபி: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். 840 டிபியில் அமைப்பு மாறுகிறது. மாறும் அந்த நொடியில் தட்டிய எண்கள் எல்லாம் காலியாகிவிட்டன. 40 பிள்ளைகளுக்குப் பதிந்துகொண்டிருந்த ஆசிரியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முதலில் மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பு) போர்ட்ரெய்ட், அதாவது நிமிர்ந்த நிலை மட்டும், என்று பூட்டினேன். டார்கெட் எஸ்டிகே (செயலி குறிவைக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்) 36 என்பதால் 600 டிபியும் அதற்கு மேலும் உள்ள திரைகளில் அந்தப் பூட்டு எடுபடவில்லை. விலக்கு பெற ஒரு வழி உண்டு, ஆனால் டார்கெட் எஸ்டிகே 37இல் அதுவும் கிடையாது. அதை நம்பி இருக்க மனமில்லை. அடுத்து, திரை திரும்பினாலும் மதிப்பைச் சேமித்து வைக்கும் ரிமெம்பர்சேவபிள் போட்டேன். அமைப்பு மாறாதவரை தங்குகிறது, மாறினால் போய்விடுகிறது. படிவம் கம்போஸ் மரத்தில் (திரைக் கூறுகளின் படிநிலை) வேறு கிளைக்குப் போவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம் எண்களை வியூமாடலுக்கு (திரைக்கு வெளியே தரவை வைத்திருக்கும் பகுதி) மாற்றினேன். எண்கள் தங்கிவிட்டன, சரி. ஆனால் 27ஆவது மாணவரில் இருந்தவர் திருப்பியதும் முதல் மாணவரிடம் வந்து நிற்கிறார், கர்சரும் இல்லை.

ஸ்க்ரோல், கர்சர் நிலைகளை அமைப்பு பிரியும் இடத்துக்கு மேலே தூக்கி வைப்பதா, மூவபிள்கன்டென்ட்ஆஃப் (ஒரு திரைக் கூறை அதன் நிலையோடு வேறு கிளைக்கு நகர்த்தும் வசதி) பயன்படுத்துவதா, இதைச் செய்து பார்த்தவர்களுக்கு எது நிலையாக வேலை செய்தது?